களப்பதிவு ஒலிக்கோப்புகளும் புதிய கணினியில் இசைத்தொகுப்பு மென்பொருளின் நிலையின்மையும்: பாரூர் வட்டாரத் தெருக்கூத்துப் பதிவுகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

நாட்டார் நிகழ்த்துகலை, வட்டார வழக்கு ஆகிய துறைகளில் களஆய்வு செய்வோர் தம் பதிவுகளை வெட்டிப் பகுக்கவும் செம்மைப்படுத்தவும், இசையமைப்பாளர்களுக்கென உருவான ஒலித்தொகுப்பு மென்பொருள்களையே இன்று பெரிதும் சார்ந்துள்ளனர். பழைய கணினியில் தடையின்றி இயங்கிய இம்மென்பொருள்கள் புதிய கணினியில் உறைந்து நிற்பதும், தாமே மூடிக்கொள்வதும், ஒலியில் வெடிப்போசை எழுப்புவதும் உண்டு. இவற்றுள் சில, பணியைத் தாமதப்படுத்துவதோடு நின்றுவிடும். சில, ஆய்வுத் தரவையே மாற்றிவிடும். இவ்விரண்டையும் பிரித்தறியும் முறையையும், கோளாறுகளுக்கான காரணங்களையும், பாரூர் வட்டாரத்துப் பாரதக் கூத்தின் பதிவைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: களப்பதிவு, தெருக்கூத்து, பாரூர், ஒலித்தொகுப்பு மென்பொருள், இடைநினைவகம், இயக்கி, ஒருங்குறி.

முன்னுரை

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி வட்டத்தில் அமைந்த பாரூர், தென்பெண்ணை நீரால் நிறையும் பெரிய ஏரியால் அறியப்படும் ஊர். இவ்வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் கோடைக்காலத்தில் பாரத விழா நிகழும்போது, பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்தும் நடைபெறுகின்றன. பதினெட்டு நாள் விழா, துரியோதனன் படுகளத்தோடும் தீமிதியோடும் நிறைவுறும். ஓசூர் முதல் கிருஷ்ணகிரி வரையிலான கருநாடக எல்லைப்பகுதியில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் அன்றாட வழக்கில் உள்ளன. ஆதலின் இங்குப் பதிவு செய்யப்படும் ஒவ்வோர் இரவும் நிகழ்த்துகலை ஆய்வாளருக்கும் மொழியியலாளருக்கும் ஒருசேரத் தரவாகிறது.

இத்தரவின் அளவு பெரிது. ஒலி ஆவணக்காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் பரிந்துரைக்கும் குறைந்தபட்ச மாதிரி வீதமான 48 கிலோஹெர்ட்சில், 24 பிட் செறிவில், இரு தடங்களாகப் பதிவு செய்தால் நொடிக்கு 2,88,000 பைட்டுகள் சேரும். மணிக்கு ஏறத்தாழ 1.04 ஜிகாபைட், எட்டு மணிநேரக் கூத்துக்கு 8.3 ஜிகாபைட், பதினெட்டு இரவுகளுக்கு 149 ஜிகாபைட். இதனைத் தாங்கவே பலரும் புதிய கணினிக்கு மாறுகின்றனர். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 14.10.2025இல் முடித்துக்கொண்டதும் இம்மாற்றத்தை விரைவுபடுத்தியுள்ளது. ஆய்வேட்டை ஒப்படைக்க ஓராண்டே இருக்கும் நிலையில் கணினி மாறுவதும், மாறிய கணினியில் மென்பொருள் நிலைகொள்ளாமல் தடுமாறுவதும் இன்று அரிய நிகழ்வுகள் அல்ல.

கோளாறு எங்கே உள்ளது: கோப்பிலா, கணினியிலா?

மென்பொருள் தடுமாறத் தொடங்கியவுடன் அதனை நீக்கி மீண்டும் நிறுவுவதே பலரின் முதற்செயல். இது பயனற்றது என்பதோடு, சில வேளைகளில் அமைப்புக் கோப்புகளை அழித்துத் தடயத்தையும் போக்கிவிடும். முதலில் செய்யத்தக்கது மூலப்பதிவை வேறொரு வட்டில் படியெடுத்து, இரு படிகளின் சரிபார்ப்புத் தொகையை ஒப்பிட்டு வைப்பதாகும். சரிபார்ப்புத் தொகை என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் ஒரு நீண்ட எண். ஒரு பைட் மாறினாலும் இவ்வெண் மாறிவிடும். இதன்பின் என்ன சோதனை செய்தாலும் மூலத்துக்கு ஊறு இல்லை.

அடுத்து, வெடிப்போசை கேட்கும் இடத்தின் நேரத்தைக் குறித்துக்கொண்டு அதே பகுதியை மும்முறை இயக்கிக் கேட்கவேண்டும். ஓசை ஒவ்வொரு முறையும் வெவ்வேறிடத்தில் தோன்றினால் குறை கணினியின் இயக்கத்தில் உள்ளது. கோப்பு பெரும்பாலும் நலமாகவே இருக்கும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் தோன்றினால் அது கோப்பிலேயே பதிந்துவிட்டது. இவ்வேறுபாட்டை வலியுறுத்திக் கூறக் காரணம் உண்டு. ஒலியை இயக்கும்போது நேரும் தவறல் கேட்பவருக்குத் தொல்லை மட்டுமே. கணினியில் நேரடியாகப் பதியும்போதோ, பழைய ஒலிநாடாவை எண்மமாக்கும்போதோ நேரும் தவறல், அக்கணத்துக்குரிய மாதிரிகளை மீட்கவியலாதவாறு இழக்கச் செய்கிறது.

எல்லைப்புறப் பேச்சை ஆராய்வோருக்கு இவ்விழப்பின் விளைவு பெரிது. தமிழ் எழுத்தில் வேறுபாடு காட்டப்படாத சொன்முதல் ஒலிப்புடைத் தடையொலிகள் தெலுங்கிலும் கன்னடத்திலும் பொருள் வேறுபடுத்துவன. கட்டியங்காரன் பேச்சில் பிறமொழிச் சொல் கலக்கும்போது, அதனை அவர் அம்மொழி ஒலிப்போடு சொல்கிறாரா, தமிழ் ஒலிப்புக்கு மாற்றிச் சொல்கிறாரா என்பதை ஆய்வாளர் அலைவரைபடத்தில் காண முயல்கிறார். தடையொலியின் வெடிப்புக்கு முன் குரலதிர்வு உள்ளதா என்பதே அங்குச் சான்று. வெடிப்போ பல வேளைகளில் சில மில்லிநொடிகளே நீள்வது. 256 மாதிரிகள் கொண்ட ஓர் இடைநினைவகக் கட்டு தவறினால் 5.3 மில்லிநொடி போய்விடும். அவ்விடத்தில் ஒலியலை திடீரென அறுந்து மீண்டும் தொடங்குவது அலைவரைபடத்தில் ஒரு தடையொலி வெடிப்பைப் போன்றே தோற்றமளிக்கும். ப்ராட் போன்ற ஒலிப்பாய்வு மென்பொருள் அதனைப் பிரித்தறிந்து சொல்லாது.

இடைநினைவகமும் காலக்கெடுவும்

புதிய கணினி பழையதைவிடப் பன்மடங்கு விரைவானது. ஆயினும் அது தடுமாறுவதேன் என்ற வினா இயல்பாக எழும். ஒலித்தொகுப்பு மென்பொருளுக்கு வேண்டுவது சராசரி விரைவு அன்று, தவறாத காலக்கெடு என்பதே இதற்கு விடை. ஒலி மாதிரிகள் ஒவ்வொன்றாக அனுப்பப்படுவதில்லை. சிறு கட்டுகளாக இடைநினைவகத்தில் நிரப்பப்பட்டு அனுப்பப்படுகின்றன. 48 கிலோஹெர்ட்சில் 128 மாதிரிக் கட்டு என்றால் 2.7 மில்லிநொடிக்கு ஒருமுறை அக்கட்டு நிரம்பியாகவேண்டும். 1024 மாதிரிக் கட்டாயின் 21.3 மில்லிநொடி அவகாசம் உண்டு. ஏரியில் நீர் நிறைந்திருப்பது கடைமடை வயலுக்குப் பயன்படாது. முறை வரும் நாழிகையில் வாய்க்காலில் நீர் வந்தாகவேண்டும். செயலியின் பயன்பாடு இருபது விழுக்காடே எனப் பணி மேலாளர் காட்டும்போதும் ஒலி அறுந்துபோவது இதனாலேயே.

இக்காலக்கெடுவைக் கெடுப்பவை பெரும்பாலும் ஒலிக்குத் தொடர்பற்ற இயக்கிகள். கம்பியில்லா வலையமைப்பு, வரைகலை அட்டை, மின்கல மேலாண்மை ஆகியவற்றின் இயக்கிகள் செயலியைச் சில மில்லிநொடிகள் தம்வசம் வைத்துக்கொண்டால் ஒலியின் முறை தவறிவிடும். லேட்டன்சிமான் என்னும் இலவசக் கருவியை அரைமணி நேரம் இயக்கிவிட்டால் எந்த இயக்கி எவ்வளவு நேரம் தடுத்தது என்பதைப் பெயரோடு காட்டும். அதற்கு முன்பே எளிய சோதனை ஒன்று உண்டு. வைஃபை, புளூடூத் இரண்டையும் அணைத்துவிட்டு அதே பகுதியை இயக்கிப் பார்க்கலாம். ஓசை நின்றால் காரணம் பிடிபட்டது.

மடிக்கணினிகளில் மின்சேமிப்பு அமைப்பு மற்றொரு காரணம். இயங்காத கணங்களில் செயலியின் கருக்கள் உறங்கவைக்கப்படுகின்றன; யூ.எஸ்.பி. துறைகள் அணைக்கப்படுகின்றன. உறக்கத்திலிருந்து எழும் நேரம் ஒலிக்குக் கேடாகிறது. மின்திட்டத்தை உயர்செயல்திறன் நிலையில் வைப்பதும், யூ.எஸ்.பி. தற்காலிக நிறுத்தத்தை விலக்குவதும் இதற்கான தீர்வுகள். 2021 இறுதியில் வெளிவந்த 12ஆம் தலைமுறை முதல் இன்டெல் செயலிகள் பலவற்றில் விரைவுக் கருக்கள், சிக்கனக் கருக்கள் என இருவகை உள்ளன. பழைய மென்பொருள் இவ்வேறுபாட்டை அறியாது. அதன் ஒலிப்பணி சிக்கனக் கருவுக்குத் தள்ளப்பட்டால் தடுமாற்றம் நேரலாம். மென்பொருளின் அண்மைப் பதிப்பே இங்கு உதவும். கோடையில் ஓட்டுக்கூரையின்கீழ் இயங்கும் மடிக்கணினி சூடேறித் தன் விரைவைத் தானே குறைத்துக்கொள்வதையும் கருதவேண்டும்.

விண்டோஸில் ஒலியிடைமுகத்துக்கான ஏசியோ இயக்கி முறையை ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1990களில் உருவாக்கியது. இயங்குதளத்தின் பொதுக் கலவைப் பகுதியைத் தவிர்த்து மென்பொருளை நேரடியாக ஒலியிடைமுகத்தோடு இணைப்பது இதன் பணி. புதிய கணினியில் ஒலியிடைமுகத்தைச் செருகியவுடன் விண்டோஸ் தன் பொது இயக்கியைப் பொருத்திக்கொள்கிறது, ஒலியும் கேட்கிறது. ஆகவே உற்பத்தியாளரின் இயக்கியை நிறுவவேண்டும் என்ற எண்ணமே எழாமற்போகிறது. கோளாறுகளில் கணிசமானவை இவ்வொரு செயலில் தீர்ந்துவிடும். திருத்தப் பணிக்கு மட்டும் கணினியைப் பயன்படுத்துவோர் இடைநினைவகத்தை 1024 மாதிரிகளுக்கு உயர்த்திவிடலாம். பாடகர் தம் குரலை உடனுக்குடன் கேட்டுப் பாடவேண்டிய ஒலிக்கூடத்தில்தான் குறைந்த தாமதம் தேவை. பதிந்த கூத்தைப் பகுப்பவருக்கு அத்தேவை இல்லை. இசையமைப்பாளர்களுக்கென எழுதப்பட்ட வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றும் ஆய்வாளர்கள் தேவையின்றித் தம் கணினியை வருத்துகின்றனர் என்பது கட்டுரையாளரின் கருத்து.

புதிய மடிக்கணினிகளில் முன்னரே நிறுவப்பட்டு வரும் ஒலி மேம்பாட்டு வசதிகளையும், செயற்கை நுண்ணறிவு இரைச்சல் நீக்கத்தையும் முதல் நாளே அணைத்துவிடவேண்டும். இவை மனிதப் பேச்சை மட்டும் ஒலியாகக் கருதுபவை. கணினியின் ஒலிவாங்கி வழியே பதியும்போது முகவீணையும் தாளமும் அவற்றுக்கு இரைச்சல்.

மூடிக்கொள்ளும் மென்பொருள்: செருகுநிரலும் நினைவகமும்

ஒலி அறுபடுவது ஒருவகை. மென்பொருள் முற்றாக மூடிக்கொள்வது வேறுவகை. பின்னதில் விண்டோஸ் தன் நிகழ்வுப் பதிவேட்டில் பழுதுற்ற கூறின் பெயரைக் குறித்துவைக்கிறது. நம்பகத்தன்மைக் கண்காணிப்பான் என்னும் பகுதியில் நாள்வாரியாக இதனைக் காணலாம். ஐந்தாறு நிகழ்வுகளைத் தொகுத்து நோக்கினால் ஒரு போக்கு புலப்படும். ஒரே செருகுநிரலின் பெயர் மீண்டும் மீண்டும் வந்தால் அதுவே காரணம் எனக் கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பெயர் வந்து, உலாவியும் பிற மென்பொருள்களும்கூட அவ்வப்போது மூடிக்கொண்டால், ஐயம் வன்பொருள்மீது திரும்பவேண்டும்.

செருகுநிரல்களின் சிக்கல் பெரும்பாலும் தலைமுறைச் சிக்கல். இரைச்சல் நீக்கத்துக்கென ஆய்வாளர்கள் கைமாற்றிக்கொள்ளும் பழைய இலவசச் செருகுநிரல்கள் பல 32 பிட் காலத்தவை. ஆப்பிள் நிறுவனம் 2019 அக்டோபரில் வெளியிட்ட கேட்டலினா பதிப்பு முதல் 32 பிட் நிரல்களை அறவே நிறுத்திவிட்டது. 2020 நவம்பரில் அந்நிறுவனம் தன் சொந்தச் சில்லுக்கு மாறியபின், இன்டெல் சில்லுக்கு எழுதப்பட்ட செருகுநிரல்கள் ரொசெட்டா என்னும் பெயர்ப்பு அடுக்கின் வழியே இயங்கவேண்டியதாயிற்று. தாய் மென்பொருள் புதிய சில்லுக்குரிய வடிவிலும் செருகுநிரல் பழைய வடிவிலும் இருப்பின், செருகுநிரல் பட்டியலிலேயே தோன்றாமற்போகலாம்.

காரணமான செருகுநிரலைக் கண்டறிய அரைப்பங்கு முறை போதும். செருகுநிரல் கோப்புறையிலிருந்து பாதியை வேறிடத்துக்கு நகர்த்தி மென்பொருளை இயக்கவேண்டும். கோளாறு தொடர்ந்தால் எஞ்சிய பாதியிலும், நின்றால் நகர்த்திய பாதியிலும் காரணம் உள்ளது. அப்பாதியை மீண்டும் இரண்டாக்கவேண்டும். அறுபத்து நான்கு செருகுநிரல்கள் இருப்பினும் ஆறு சோதனையில் ஒன்றை எட்டிவிடலாம். ரீப்பர் மென்பொருளில் ஐயத்துக்குரிய செருகுநிரலைத் தனிச் செயல்முறையாக இயக்கும் வசதி உண்டு. அது விழுந்தாலும் தாய் மென்பொருள் விழாது.

வன்பொருள் ஐயத்துக்கு முதலில் நினைவகத்தைச் சோதிக்கவேண்டும். ஒலித்தொகுப்பு மென்பொருள் நினைவகத்தை நெடுநேரம், முழுமையாகப் பயன்படுத்துவதால் பிற பணிகளில் வெளிப்படாத பழுது இங்கு வெளிப்படும். மெம்டெஸ்ட்86 கருவியை ஓர் இரவு முழுவதும் ஓடவிட்டு, ஒரு பிழை காட்டினாலும் அந்த நினைவகத்தை மாற்றிவிடவேண்டும். கடையில் பாகங்களாக வாங்கிப் பொருத்திய கணினிகளில் நினைவகம் உயர்விரைவு நிலையில் வைக்கப்பட்டிருப்பதும் உண்டு. அதனை இயல்பு நிலைக்குக் குறைத்துப் பார்க்கலாம். செயலியே பழுதாக இருப்பது அரிது. ஆயினும் 13, 14ஆம் தலைமுறை இன்டெல் மேசைக்கணினிச் செயலிகள் சிலவற்றில் மிகை மின்னழுத்தத்தால் நிலையின்மை தோன்றுவதை அந்நிறுவனமே 2024 ஜூலையில் ஒப்புக்கொண்டு, ஆகஸ்ட் முதல் பயாஸ் வழியாகத் திருத்தம் வழங்கியது. உத்தரவாதக் காலத்தையும் ஈராண்டு நீட்டித்தது. அத்திருத்தம் மேலும் பழுதாவதைத் தடுக்குமேயன்றி, ஏற்கனவே பழுதுற்ற செயலியை மீட்காது. இத்தலைமுறைக் கணினியை வைத்திருப்போர் பயாஸ் பதிப்பைச் சரிபார்ப்பது நன்று.

தமிழ்க் கோப்புப் பெயர்கள்

பொது வழிகாட்டிகள் எதுவும் தொடாத, தமிழ் ஆய்வாளர்க்கே உரிய சிக்கல் இது. தமிழ் ஒருங்குறியில் ஒகர, ஓகார, ஔகார உயிர்க்குறிகளை இருவகையில் குறியேற்றலாம். இவ்வுயிர்க்குறி ஒரே குறியீடாக அமையலாம். எழுத்தின் முன்னும் பின்னும் வரும் இரு துண்டுகளாகவும் அமையலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பு முறைமை பெயர்களைத் துண்டு வடிவிலேயே சேமித்தது; விண்டோஸ் தட்டச்சு மென்பொருள்கள் பொதுவாக ஒற்றை வடிவைத் தருகின்றன; விண்டோஸின் கோப்பு முறைமை இரண்டையும் வெவ்வேறு பெயர்களாகவே கொள்ளும். பழைய ஆப்பிள் கணினியிலிருந்து புதிய விண்டோஸ் கணினிக்கு மாற்றிய திட்டத்தைத் திறக்கும்போது, கோப்பு கண்முன்னே இருக்கையில் ‘கோப்பு இல்லை’ என மென்பொருள் கூறுவது இதனாலாகலாம்.

பாரதக் கூத்தைப் பதிவோர் இச்சிக்கலிலிருந்து தப்புவதரிது. ‘திரௌபதி’ என்னும் பெயரிலும், ‘பதினெட்டாம் போர்’ என்னும் கூத்தின் பெயரிலும் இவ்வுயிர்க்குறிகள் உள்ளன. ‘திரௌபதி’யை எழுத மூன்றாவது வழியும் வழக்கில் உண்டு: ஔகாரத்தின் பின்துண்டுக்கு மாற்றாக ளகர எழுத்தையே தட்டிவிடுவது. முதலிரு வடிவங்களையும் ஒருங்குறி இயல்பாக்கம் ஒன்றாக்கிவிடும். மூன்றாவதை அது தொடாது. ஏனெனில் அது வேறு சொல்.

விண்டோஸில் இன்னொரு தடையும் உள்ளது. ஒருங்குறிக்கு முற்பட்ட முறையில் எழுதப்பட்ட நிரல்கள் எழுத்துகளைக் குறியீட்டுப் பக்கம் ஒன்றின் வழியே படிக்கின்றன. தமிழுக்கு அத்தகைய இயல்பிருப்புக் குறியீட்டுப் பக்கம் விண்டோஸில் இல்லை. எனவே அந்நிரல்களுக்குத் தமிழ்ப் பெயர் முழுதும் ‘?’ குறிகளாகவே தெரியும். அக்குறியோ விண்டோஸ் கோப்புப் பெயரில் இடம்பெறவியலாதது. புதிய கணினியின் பயனர் கணக்கைத் தமிழ்ப் பெயரில் தொடங்கினால் பயனர் கோப்புறையும் தமிழில் அமைந்து, அதனுள் இருக்கும் தற்காலிகக் கோப்புறையையும் பழைய செருகுநிரல்களால் எட்டவியலாது போகும். காட்டப்படும் பெயரைப் பின்னர் மாற்றுவதால் கோப்புறையின் பெயர் மாறாது. புதிய கணக்கு ஒன்றை உருவாக்குவதே வழி. கணினியில் தமிழ் என்பதைக் கொள்கையாகக் கொண்டோர்க்கு இது கசப்பான அறிவுரையே. ஆயினும் ஒலிக்கோப்புகளுக்கு நாளும் வரிசை எண்ணும் கொண்ட எண்பெயர் இட்டு, கூத்தின் பெயர், குழு, ஆசிரியர், ஊர், இரவு ஆகிய விவரங்களை நன்கு விரித்து ஒருங்குறித் தமிழில் தனிப்பட்டியலாக வைப்பது, ஒற்றை வரிக் கோப்புப் பெயரைவிட மிகுதியான தமிழைக் காக்கும்.

இதனோடு தொடர்புடையது ஆவணங்கள் கோப்புறை. புதிய கணினிகளில் அது பெரும்பாலும் மேகச் சேமிப்போடு இணைக்கப்பட்டே வருகிறது. தொகுப்பு நடக்கும்போதே கோப்பை ஒத்திசைவு பற்றிக்கொண்டால் மென்பொருள் உறைந்து நிற்கலாம். ஒலித்திட்டங்களை ஒத்திசைவுக்கு வெளியே தனிக் கோப்புறையில் வைத்தல் வேண்டும்.

நான்கு ஜிகாபைட் எல்லை

வேவ் கோப்பின் தலைப்பகுதியில் கோப்பின் அளவைக் குறிக்க 32 பிட் இடமே உண்டு. ஆதலின் அக்கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்டவியலாது. மேற்கூறிய தரத்தில் இவ்வெல்லை 4 மணி 8 நிமிடத்தில் எட்டப்படும். இரவு பத்து மணிக்குத் தொடங்கிய பதிவுக்கு அது பின்னிரவு 2 மணி 8 நிமிடம். கூத்தின் உச்சப் பகுதிகள் பெரும்பாலும் அதற்குப் பின்னரே. பதிவுக்கருவிகள் 2 அல்லது 4 ஜிகாபைட்டுக்கு ஒருமுறை கோப்பைத் தாமே பிரித்துவிடுகின்றன. அத்துண்டுகளைக் கணினியில் ஒட்டி மீண்டும் வேவ் கோப்பாகச் சேமிக்கும்போதுதான் இடர் நேர்கிறது: தலைப்பகுதியின் எண் நிரம்பிச் சுழன்று சிறு எண்ணாகிவிட, எட்டு மணிநேரக் கோப்பு நான்கு மணிநேரத்துக்கும் குறைவான கோப்பாகவே காட்சியளிக்கும். இதனைக் கண்டு கோப்பை அழித்துவிடலாகாது. தரவு பல வேளைகளில் உள்ளே முழுமையாகவே இருக்கும். ஆடாசிட்டியின் ‘மூலத்தரவு இறக்குமதி’ வழியே 24 பிட், இரு தடம், 48,000 என விவரங்களைத் தாமே கொடுத்துத் திறந்தால் மீண்டுவிடும். வீதத்தை 44,100 எனத் தவறாகக் கொடுத்தால் ஒரு மணிநேரப் பதிவு 65 நிமிடமாக நீண்டு, சுருதி ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் தாழும். குரலின் சுருதியை அளப்போர் இதனைச் செவியால் மட்டும் கண்டுகொள்ள முடியாது. பெருங்கோப்புகளை ஆர்.எஃப்.64 வடிவில் சேமித்தால் இவ்வெல்லையே எழாது.

புதிய கணினியைச் சரிபார்த்தல்

கோளாறுகள் நீங்கியதாகத் தோன்றிய பின்னரும், புதிய கணினி பழைய கணினியின் முடிவுகளையே தருகிறதா என்பதைச் சரிபார்க்கவேண்டும். ஒரே திட்டத்தைப் பழைய கணினியிலும் புதிய கணினியிலும் ஒலிக்கோப்பாக வெளியிட்டு, இரண்டையும் ஒரு திட்டத்தில் அடுத்தடுத்த தடங்களில் வைத்து, ஒன்றின் அலையைத் தலைகீழாக்கி ஒருசேர இயக்கினால் முழு அமைதி நிலவவேண்டும். எங்கேனும் ஒலி கேட்டால், அக்கணத்தில் இரு கணினிகளும் வேறுபட்டுள்ளன. நுண்ணிரைச்சல் சேர்க்கும் செறிவுக் குறைப்பும், தற்போக்கு எண்களைப் பயன்படுத்தும் விளைவுகளும் ஒருபோதும் முழு அமைதி தாரா. சோதனைக்குமுன் அவற்றை அணைத்துவிடவேண்டும். தவறல் நேர்ந்த கோப்பு தன் உண்மை நேரத்தைவிடக் குறுகியிருக்கும். ஆதலின் நேரடிப் பதிவைச் சரிபார்க்க நிழற்படக் கருவியின் காணொளி நீளத்தோடு ஒப்பிடலாம். இலான் மென்பொருளில் காணொளியையும் ஒலியையும் இணைத்துப் பெயர்த்தெழுதும்போது, இரு கருவிகளின் கடிகார வேறுபாட்டால் எழும் விலகல் சீராக மெல்ல வளரும். தவறலால் எழும் விலகல் ஓரிடத்தில் படியாகத் தாவும். படி தோன்றும் அந்நிமிடத்தை விவரப்பட்டியலில் குறித்துவைத்து, அதன் முன்பின் பகுதியை ஒலிப்பாய்வுத் தரவிலிருந்து விலக்கவேண்டும். உரைப்பெயர்ப்புக்கு அப்பகுதியைப் பயன்படுத்தத் தடையில்லை.